பூட்ஸ் வாங்கப் போறீங்களா? முதல்ல பாதத்தை அளங்க!



நம்ம கடப்புறத்து மணல்ல பந்து விளையாடாத பையன் யாராவது உண்டா? பிள்ளைங்களும் இப்போ நல்லா விளையாடுறாங்க. மணல்ல வெறுங்காலே போதும். ஆனா போட்டிக்குன்னு வெளியூர் போனா கெட்டித்தரை. அங்க பூட்ஸ் வேணும். அப்போதான் பிரச்சினை ஆரம்பிக்குது. அண்ணன் போட்டது, மாமா பையன் போட்டது, விளையாட்டு அறைச் சாக்குல கிடக்கிறது, இப்படி எது கிடைச்சாலும் காலை நுழைச்சிட்டு ஓடுறோம். பெருசா இருந்தா முன்னால துணியைத் திணிக்கிறோம். சின்னதா இருந்தா விரலை மடக்கிக்கிறோம்.

போன வருஷம் நம்ம அணியில ஓரத்துல ஓடுற ஒரு தம்பி, ரெண்டு நம்பர் பெரிய பூட்ஸ் போட்டுட்டு இறங்கினான். திரும்பும்போது பூட்ஸ் திரும்பலை, கால் மட்டும் திரும்பிச்சு. கணுக்கால் பிசகி மூணு வாரம் நொண்டினான். நல்லா ஆடுற பையன். அவன் ஆட்டத்துல ஒரு குறையும் இல்ல, பூட்ஸ் அளவுதான் தப்பு. அதனாலதான் இந்தக் கட்டுரை.

வெறுங்காலா, பூட்ஸா?

“நம்ம முன்னோர்கள் வெறுங்காலோட விளையாடலையா?” என்று கேட்பீர்கள். விளையாடினார்கள். 1911-இல் கல்கத்தாவின் மோகன் பகான் அணி, ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் வெறுங்காலுடன் ஆடி, ஆங்கிலேய ராணுவ அணியை 2-1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வாங்கியது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம் இந்திய அணியில் பெரும்பாலோர் வெறுங்காலுடன் பிரான்சை எதிர்த்து ஆடி, 2-1 என்று போராடித் தோற்றார்கள். ஆனால் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்ற பிறகு, பூட்ஸ் கட்டாயம் என்று இந்தியக் கால்பந்துக் கழகம் முடிவு செய்தது. ஆகவே பூட்ஸ் வேண்டுமா என்ற கேள்வி அன்றே முடிந்துவிட்டது. எந்த அளவு பூட்ஸ் என்பதுதான் இன்றைய கேள்வி.

அந்த நம்பர் என்ன கணக்கு?

நம் நாட்டுக் கடைகளில் பெரும்பாலும் சொல்கிற 6, 7, 8 என்பது இங்கிலாந்து அளவு. வெள்ளைக்காரன் போனாலும் அவன் செருப்பு நம்பர் போகவில்லை! அந்தக் கணக்கு வாற்கோதுமை மணியை வைத்து வந்தது. ஓர் அங்குலத்துக்கு மூன்று மணி. ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் ஒரு மணி, அதாவது சுமார் 8.5 மில்லிமீட்டர் வித்தியாசம். ஐரோப்பிய அளவு 39, 40, 41 என்று போகும். அதில் ஒரு படிக்குச் சுமார் 6.7 மில்லிமீட்டர். இரண்டும் ஒரே அளவாக ஏறாததால்தான் ஒரு கம்பெனியில் 6-க்கு 39 என்றும் இன்னொன்றில் 6-க்கு 40 என்றும் போட்டிருக்கிறது.

அதனால நம்பரை நம்பாதீங்க. பூட்ஸ் நாக்கின் உள்பக்கம் ஒட்டியிருக்கிற சின்னத் துணியைப் பாருங்க. பல கம்பெனிகள் அதில் சென்டிமீட்டரும் போட்டிருப்பாங்க. பெரும்பாலும் அது பாதத்தின் நீளம். கடையில முதல்ல பார்க்க வேண்டியது அதைத்தான்.

நம்ம பாதம் அகலம்!

இது நிறையப் பேருக்குத் தெரியாத விஷயம். சென்னை அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1948-இல் தொடங்கியது. இந்த நிறுவனத்தினர் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை, நாடு முழுக்க 79 இடங்களில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாணக் கருவியால் அளந்தார்கள். என்ன தெரிய வந்தது? இந்தியர்களின் பாதம், வெளிநாட்டு அளவுகள் நினைப்பதைவிட அகலமானது. அகலம் போதாததால், நாம் நீளத்தில் ஒரு நம்பர் கூட்டி வாங்குகிறோம். பிறகு தொளதொள என்று இருப்பதைக் கயிற்றை இறுக்கிச் சமாளிக்கிறோம். இதனால்தான் கொப்புளமும் காயமும்.

இந்த ஆய்வை வைத்து இந்தியர்களுக்கென்றே ஓர் அளவு முறையைத் தயாரித்தார்கள். அதன் பெயர் ‘பா’. பாரதம் என்பதன் முதல் எழுத்து. கைக்குழந்தை முதல் பெரியவர் வரை வயதை வைத்து எட்டுப் பிரிவுகள் அதில் உண்டு. பெண்பிள்ளைகளின் பாதம் சுமார் 11 வயதிலும், ஆண்பிள்ளைகளின் பாதம் 15, 16 வயதிலும் வேகமாக வளர்வதாகவும் அந்த ஆய்வு சொல்கிறது. நாம் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை படிக்கிற வயதுதானே அது! ஆக, போன வருஷ நம்பரை இந்த வருஷம் சொல்லி வாங்கக் கூடாது.

இன்னொன்று. சின்ன வயசுல இருந்து மணல்ல வெறுங்காலோட நடக்கிற பாதம், விரல் விரிஞ்சு முன்பக்கம் அகலமா இருக்கும். நம்ம ஊர்ப் பெரியவங்க, கரைவலை இழுக்கிறவங்க காலைப் பாருங்க, தெரியும். அது குறை இல்ல, பலம். ஆனா ஒடுக்கமான பூட்ஸுக்குள்ள அந்தக் கால் படாதபாடு படும்.

வீட்டிலேயே அளப்பது எப்படி?

1. சாயங்காலம் அளக்கவும். நாள் முழுக்க நடந்த பிறகு பாதம் கொஞ்சம் உப்பியிருக்கும். விளையாடும்போதும் அப்படித்தான் இருக்கும்.

2. விளையாடும்போது போடுகிற சாக்ஸையே போட்டுக்கொள்ளவும்.

3. சுவரை ஒட்டித் தரையில் ஒரு தாளை வைத்து, குதிகால் சுவரில் படும்படி நிற்கவும். உட்கார்ந்து அளந்தால் நீளம் குறைவாக வரும். எடை இறங்கினால்தான் பாதம் விரியும்.

4. நீளமான விரலின் நுனியில் கோடு போடவும். எல்லோருக்கும் பெருவிரலே நீளம் என்று நினைக்க வேண்டாம். சிலருக்கு இரண்டாம் விரல் நீளம்.

5. பெருவிரல் மூட்டில் இருந்து சுண்டுவிரல் மூட்டு வரை அகலத்தையும் குறிக்கவும்.

6. இரண்டு காலையும் அளக்கவும். நிறையப் பேருக்கு ஒரு கால் கொஞ்சம் பெரிது. பெரிய காலுக்குத்தான் பூட்ஸ்.

பென்சிலைச் சாய்க்காமல் நேராகப் பிடிக்கணும். நாமே குனிந்தால் எடை மாறிவிடும், அதனால் பக்கத்தில் இருப்பவரைக் கோடு போடச் சொல்லவும்.

கடையில் பார்க்க வேண்டியவை

*விரல் இடைவெளி:* விரல் நுனிக்கும் பூட்ஸ் முனைக்கும் நடுவில் அரை சென்டிமீட்டர் முதல் ஒரு சென்டிமீட்டர் வரை போதும். “வளர்ற பையன், ரெண்டு வருஷம் வரட்டும்” என்று அம்மா அப்பா ரெண்டு நம்பர் கூட்டிக் கேட்பாங்க. அவங்க கஷ்டம் நமக்குத் தெரியும். ஆனா பெரிய பூட்ஸ்ல கால் முன்னும் பின்னும் வழுக்கும். நகம் முனையில் இடித்துக் கறுக்கும், குதிகால் உரசிக் கொப்புளம் வரும். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போக வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லுங்க.

*குதிகால்:* கயிறு கட்டும் முன் குதிகாலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டிப் பின்னால் உட்கார வைத்து, பிறகு கீழிருந்து மேலாக இறுக்கவும். எழுந்து நடந்தால் குதிகால் மேலே ஏறி இறங்கக் கூடாது.

*உள்தகடு:* உள்ளே இருக்கும் மெத்தைத் தகடு கழன்று வந்தால் அதை எடுத்துத் தரையில் வைத்து அதன்மேல் நில்லுங்கள். பாதம் இரண்டு பக்கமும் வெளியே பிதுங்கினால் அந்த பூட்ஸ் ஒடுக்கம். நம்பரைக் கூட்டாமல், அகலமான வேறு மாடல் கேளுங்கள்.

*மடங்கும் இடம்:* பூட்ஸ் முன்பக்கம், விரல் மடங்குகிற இடத்தில் மடங்க வேண்டும். நடுவில் மடங்கினால் அது பாதத்தைத் தாங்காது.

*ஓட்டம்:* ஒற்றைக் காலில் போட்டுப் பார்த்து வாங்காதீங்க. இரண்டையும் போட்டு, நாலு எட்டு ஓடி, சடக்கென்று நில்லுங்கள். விரல் முனையில் இடித்தால் வேண்டாம்.

“போடப் போட இளகும்” என்று கடைக்காரர் சொன்னால், எது இளகும் என்று கேளுங்க. தோல் பூட்ஸ் அகலத்தில் கொஞ்சம் கொடுக்கும். ரெக்சின் மாதிரி செயற்கைப் பொருள் அவ்வளவு கொடுக்காது. நீளம் எதிலும் கூடாது.

ஸ்கேட்டிங் சொல்லும் பாடம்

அளவு எவ்வளவு முக்கியம் என்பதை ஸ்கேட்டிங் வீரர்களிடம் பார்க்கலாம். 2025 செப்டம்பரில் சீனாவில் நடந்த உலக ஸ்பீடு ஸ்கேட்டிங் போட்டியில் 1000 மீட்டர் தங்கம் வென்றவர் சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார். இந்த மாதிரி ஓட்டக்காரர்களின் பூட்ஸ் பாதத்தோடு ஒட்டிய தோல் மாதிரி இருக்கும். பலர் தங்கள் பாதத்தை அச்செடுத்தே செய்துகொள்கிறார்கள். பனிக்கட்டியில் சுழன்று ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங்கிலோ, பூட்ஸை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து வாங்குவார்கள். குதிகால் அசைந்தால் அடியில் இருக்கும் கத்தி வேறு திசையில் போகும், ஆள் விழுவார். நம் பூட்ஸில் கத்திக்குப் பதில் ஸ்டட் இருக்கிறது, அவ்வளவுதான். அசைந்தால் கணுக்கால் திரும்புவது இங்கும் அதே கதைதான்.

உப்பும் மணலும்

நம்ம ஊர்ல பூட்ஸுக்கு ரெண்டு எதிரி. உப்புக் காத்தும் மணலும். விளையாடி முடித்ததும் மணலைத் தட்டி, ஈரத்துணியில் நல்ல தண்ணீர் தொட்டுத் துடைக்கணும். உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில் காய வைக்கணும். சுள்ளென்ற வெயிலில் வைத்தால் தோல் விறைக்கும், பசை விட்டு அடி பிரியும். விறைத்துச் சுருங்கிய பூட்ஸ், வாங்கின அன்றைக்குச் சரியாக இருந்தாலும் பிறகு காலைக் கடிக்கும்.

ஒரு யோசனை

எல்லோராலும் புதுசு வாங்க முடியாது. கடல் தொழிலுக்குப் போகாத நாட்களில் வீட்டில் காசு புரளாதது நமக்குத் தெரியாததா? ஆனா ஒருத்தருக்குச் சின்னதாகிப்போன பூட்ஸ் இன்னொருத்தருக்குச் சரியா இருக்குமே! யார்கிட்ட என்ன அளவு இருக்குன்னுதான் நமக்குத் தெரியலை. அதனால இந்தத் தாளுக்குப் பக்கத்துல ஒரு வெள்ளைத்தாள் ஒட்டியிருக்கேன். உங்க பாதத்தின் நீளத்தை சென்டிமீட்டர்ல எழுதுங்க. வீட்டுல சும்மா கிடக்கிற பூட்ஸின் உள்தகட்டு நீளத்தையும் எழுதுங்க. பழசா இருந்தா ஸ்டட் ஒருபக்கமா தேய்ஞ்சிருக்கான்னு பார்த்துட்டு எழுதுங்க. பி.டி. சார் அனுமதி தந்தால், விளையாட்டு அறைச் சாக்கில் கிடக்கும் பூட்ஸ் எல்லாவற்றின் மேலும் சென்டிமீட்டரை எழுதி வைத்துவிடலாம். அடுத்த போட்டிக்கு முன்னால ஒரு மதிய இடைவேளை போதும்.

“செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டுவதா?” என்று நம்ம பெரியவங்க கேட்பாங்க. துணி திணிக்கிறதும் விரலை மடக்குறதும் கிட்டத்தட்ட அதுதானே?

ஸ்கேல் எடுங்க! பாதத்தை அளங்க! அப்புறம் களத்துல இறங்குங்க, மக்கா!

— 11-ஆம் வகுப்பு மாணவன், ஆலந்தலை