வாத்தியத்துக்கு ஒரு வாய்

'ஊ' என்று உதட்டைக் குவித்து ஒலித்துக்கொண்டே, மூச்சு அறாமல் 'ஆ' என்று வாயைத் திறந்து பாருங்கள். சுருதி மாறவில்லை, வாயின் வடிவம்தான் மாறியது. ஆனாலும் 'உவா' என்று புதிதாக ஒன்று பிறந்துவிட்டது. உகரத்துக்கு இதழ் குவிய வேண்டும், அகரத்துக்கு வாய் அங்காக்க வேண்டும் என்று தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்தாரே, அதே வேலைதான். ஜாஸ்காரர்களும் ராக்காரர்களும் 'வா-வா' என்பது இந்த ஒலியைத்தான்.

வாத்தியத்துக்கு அந்த வாயை முதலில் வைத்தது கை. நியூ ஆர்லியன்ஸிலிருந்து சிகாகோ வந்த கிங் ஆலிவர், கோப்பை, கிண்ணம் என்று அகப்பட்டதையெல்லாம் கார்னெட் என்ற ஊதுகருவியின் வாயில் பொத்திப் பார்த்தவர். அவர் வாசிப்பில் சொக்கிப்போன பப்பர் மைலி, ட்யூக் எல்லிங்டன் குழுவுக்கு வந்ததும் இதை ஒரு பாஷையாகவே ஆக்கிவிட்டார். டிரம்பெட்டுக்குள் ஒலியை அடக்கும் சின்ன மியூட் ஒன்று. அதற்கு மேல், கழிவுநீர்க் குழாய் அடைப்பு எடுக்கிற ரப்பர் கிண்ணம், பிடிக்கம்பு இல்லாமல். இடக்கை அதை மூடி மூடித் திறக்கும். தொண்டை கூடவே உறுமும். 1926-இல் பதிவான 'ஈஸ்ட் செயின்ட் லூயிஸ் டூடுல்-ஊ'வில் அந்த டிரம்பெட் யாரையோ திட்டுவதுபோலவே கேட்கும். மைலி 1932-இல், 29 வயதில், காசநோயில் இறந்துபோனார்.

கையிலிருந்து காலுக்கு வந்தது தற்செயல். 1966-இல் கலிஃபோர்னியாவில், தாமஸ் ஆர்கன் நிறுவனத்தின் பிராட் பிளங்கெட், வாக்ஸ் ஆம்ப்ளிஃபயரில் விலை கூடிய ஒரு சுவிட்சை எடுத்துவிட்டு மலிவான திருகு குமிழைப் பொருத்த முயன்றார். குமிழைத் திருகத் திருக கிடார் 'உவா' என்றது! அந்த மின்சுற்றை அப்படியே ஆர்கனின் வால்யூம் பெடல் கூட்டுக்குள் வைத்தார்கள். ஒலியில் ஒரு சிறு பகுதியை மட்டும் தூக்கிக் காட்டும் வடிகட்டி அது. குதிகாலை அழுத்தினால் 'ஊ', முன்பாதத்தை அழுத்தினால் 'ஆ'.

இதைத் தாளத்துக்குத் தாளம் மிதித்துக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. ஐந்து நிமிஷத்தில் அலுத்துவிடும். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் 1968-இல் 'வூடூ சைல்ட்'டை எப்படித் தொடங்குகிறார் கேளுங்கள். வலக்கை தந்திகளை அமுக்கியிருக்கிறது, ஸ்வரமே இல்லை, வெறும் சுரண்டல். பெடல்தான் பேசுகிறது. 1971-இல் ஐசக் ஹேஸின் 'ஷாஃப்ட்' படப்பாட்டில் கிடார்காரர் சார்லஸ் பிட்ஸ் காட்டியதும் அந்தச் சிக்கனத்தைத்தான். பாட்டு ஆஸ்கர் வாங்கியது.

வேடிக்கை என்னவென்றால், நிறுவனம் இந்தப் பெடலை ஊதுவாத்தியக்காரர்களுக்கு விற்கத்தான் நினைத்தது. 'ஷுகர் ப்ளூஸ்' புகழ் கிளைட் மெக்காயின் பெயரையே சூட்டி 1967-இல் சந்தைக்கு விட்டது. வாங்கிப் போனவர்கள் கிடார்காரர்கள். முதன்முதலில் வந்த பெடல்களைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் மெக்காயின் படம் இருக்கும். அவர் டிரம்பெட்காரர்.