குடும்பக் கட்டுப்பாடா, குடும்பத் திட்டமிடலா? ஊவா தோட்டத் தாய்மாருக்குச் சொல்லப்பட வேண்டியவை

பதுளை மாவட்டத் தோட்டங்களில் 'கட்டுப்பாடு' என்ற சொல்லுக்குப் பெரும்பாலும் ஒரே பொருள்தான் கொள்ளப்படுகின்றது. "பிள்ளை போதும்" என்று பிரசவத்தோடு பெண்ணுக்குச் செய்யப்படும் சத்திரசிகிச்சையே அது. சுகாதார அமைச்சின் ஏடுகளிலோ இந்தச் சேவை 'குடும்பத் திட்டமிடல்' என்று அழைக்கப்படுகின்றது. கட்டுப்பாடு என்பது பிறர் விதிப்பது. திட்டமிடல் என்பது கணவனும் மனைவியும் தாமே செய்வது. இவ்விரு சொற்களுக்கும் இடையிலுள்ள தூரமே ஊவா தோட்டப் பெண்களின் சுகாதாரத்தில் இன்றும் கடக்கப்படாத தூரம் என்பது நமது கருத்தாகும்.

தாய் சேய் நலத்தில் இலங்கை அடைந்த முன்னேற்றத்தை முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும். 1930களில் இந்நாட்டில் ஓர் இலட்சம் பிறப்புகளுக்கு 2,000க்கும் அதிகமான தாய்மார் உயிரிழந்தனர். அண்மைக் காலத்தில் பெரும்பாலான ஆண்டுகளில் அத்தொகை 40க்கும் கீழே நிற்கின்றது. 1926இல் களுத்துறையில் தொடங்கப்பட்ட சுகாதாரப் பிரிவு முறை, பின்னர் நாடெங்கும் பரவிச் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளாக வளர்ந்தது. ஏறக்குறைய 3,000 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் நியமிக்கப்பட்ட குடும்பநல உத்தியோகத்தர், அதாவது மக்கள் 'மிட்வைஃப்' என்று அழைக்கும் மருத்துவமாது, வீடு தேடிச் சென்றதே இந்த வெற்றியின் அடித்தளமாகும். இன்று ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலைகளிலேயே நிகழ்கின்றன.

ஆனால், தோட்டங்களுக்கு இந்த முறை தாமதித்தே வந்தது. 1872ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டமும் அதனைத் தொடர்ந்து 1912இல் வந்த சட்டமும் தோட்ட மக்களின் மருத்துவத்தைத் தனியானதொரு ஏற்பாடாகவே வகுத்தன. ஏனைய மக்களுக்கு அரசாங்கம் பொறுப்பு, தோட்ட மக்களுக்குத் துரை பொறுப்பு என்ற நிலை அதனால் உருவானது. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் சென்றது. இதற்கிடையே சில தோட்ட வைத்தியசாலைகளை மட்டும் அரசாங்கம் பொறுப்பேற்றது. இதன் விளைவாக ஒரு பக்கம் தோட்ட வைத்திய உதவியாளரும், மறுபக்கம் அரசாங்கத்தின் குடும்பநல உத்தியோகத்தருமாக, ஒரு தாய்க்கு இரு நிர்வாகங்கள் அமைந்தன. தனக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் அத்தாயால் உடனே பதில் சொல்ல இயலாது.

இந்தப் பின்னடைவு பிள்ளைகளின் உடலிலேயே பதிந்துள்ளது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ 17 வீதமானோர் வயதுக்கேற்ற உயரமின்றிக் காணப்பட்டனர். தோட்டப்புறங்களில் அது ஏறத்தாழ 32 வீதமாகும். கருவுற்ற தாயின் உணவிலும் ஓய்விலும் ஏற்படும் குறையே இதன் முதற்படி.

ஆகவே ஒரு தாய் அறிந்திருக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகக் கூறுவோம். மாதவிடாய் தவறியதும் தாமதியாமல் குடும்பநல உத்தியோகத்தரிடம் பதிவு செய்து கர்ப்பகாலப் பதிவேட்டைப் பெற வேண்டும். இரத்த அழுத்தம், சீனி, இரத்தச் சோகை, இரத்த வகை ஆகியன கிளினிக்கில் இலவசமாகப் பரிசோதிக்கப்படும். அங்கு வழங்கப்படும் இரும்புச்சத்து மாத்திரையைத் தேத்தண்ணியுடன் விழுங்கலாகாது. தேயிலையிலுள்ள சாயம் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. வேளைக்கு வேளை சாயம் குடிக்கும் மலையகத்தில், மாத்திரை ஒழுங்காக உட்கொண்டும் இரத்தம் ஏறாமலிருப்பதற்கு இது ஒரு காரணமாகின்றது. மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விட்டு, எலுமிச்சை, கொய்யா போன்றவற்றைச் சேர்த்துக்கொள்வது நன்று. வெற்றிலையுடன் புகையிலை மெல்லும் பழக்கத்தையும் கைவிட வேண்டும்.

இரத்தப்போக்கு, கடுமையான தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் வீங்குதல், வலிப்பு, நீர்க்குடம் உடைதல், வயிற்றில் பிள்ளையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் 'சுவசெரிய' அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். எனினும் மடுல்சீமை, நமுனுகுலை, கொஸ்லந்தைப் பக்கத்து மேற்பிரிவுகளில் லயத்திலிருந்து பிரதான வீதிக்கு வருவதே பெரும்பாடு. 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் நிகழ்ந்த மண்சரிவும், 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளி விளைத்த அழிவும் இப்பாதைகளின் நிலையை உணர்த்தின. மழைக்காலத்தில் நாள் நெருங்கிய தாயை முன்கூட்டியே பதுளை, தியத்தலாவை, வெலிமடை முதலிய வைத்தியசாலைகளுக்கு அருகில் தங்கவைக்கத் தோட்ட நிர்வாகமும் குடும்பத்தாரும் சேர்ந்து ஏற்பாடு செய்ய வேண்டும்.

கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர் போய்விடும் என்ற அச்சமே பல பெண்களை மலைக்கு அனுப்புகின்றது. சட்டம் என்ன சொல்கின்றது என்பதை இவ்விடத்தில் அறிய வேண்டும். 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் பெண் தொழிலாளருக்கு 12 வாரச் சம்பளத்துடனான விடுமுறைக்கு உரிமையளிக்கின்றது. முன்னர் மூன்றாவது பிள்ளை முதல் இது 6 வாரங்களாகக் குறைக்கப்பட்டிருந்தது. 2018ஆம் ஆண்டின் திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கிவிட்டது. பிள்ளைக்கு ஒரு வயதாகும் வரை வேலை நேரத்தில் பாலூட்டுவதற்கு இடைவேளை பெறும் உரிமையும் உண்டு. பிள்ளை மடுவத்திற்கு வந்து பாலூட்டிச் செல்லும் தாய் சலுகை கேட்கவில்லை. தனது உரிமையையே பயன்படுத்துகின்றாள்.

இனி, தொடக்கத்தில் கூறிய விடயத்திற்கு வருவோம். இலங்கையில் குடும்பத் திட்டமிடற் சங்கம் 1953இல் தோன்றியது. 1960களில் அரசாங்கம் இப்பணியைத் தனது சுகாதாரச் சேவையுடன் இணைத்தது. 1980களில் நிரந்தரக் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு 500 ரூபா வரை ஊக்கப்பணம் வழங்கப்பட்டது. நாட்கூலியில் வாழ்ந்த குடும்பத்திற்கு அது சிறிய தொகையன்று. வறுமையின் முன்னால் நீட்டப்பட்ட பணம், சுதந்திரமான சம்மதத்தைப் பெற்றது என்று எவ்வாறு கூறமுடியும்? ஏனைய பகுதிகளைவிடத் தோட்டங்களில் பெண்களுக்கான நிரந்தரக் கருத்தடை அதிகமாக இருந்து வந்ததற்கு இந்த வரலாறும் ஒரு காரணமாகும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி, நாளாந்த மாத்திரை, கையின் தோலுக்கடியில் வைக்கும் சிறு குச்சிகள், பத்து ஆண்டுகள் வரை பயன்தரும் லூப், ஆணுறை எனத் தற்காலிக முறைகள் பல உள்ளன. பிள்ளை வேண்டுமென்றால் அவற்றை நிறுத்திக்கொள்ளலாம். நிரந்தரச் சத்திரசிகிச்சையை மீளச் சீர்செய்வதோ மிகக் கடினம். ஆண்களுக்கான சத்திரசிகிச்சை பெண்களுக்கானதைவிட எளியதாயிருந்தும் அதனை நாடும் ஆண்கள் மிகச் சிலரே. சுமக்கும் பாரமும் கட்டுப்பாடும் பெண்ணுக்கே என்பது நியாயமன்று.

இத்தெரிவுகள் யாவும் பிரசவ வலியில் துடிக்கும் வேளையில், விளங்காத மொழியிலுள்ள ஒரு படிவத்தில் கையொப்பமிடச் சொல்லித் தீர்மானிக்கப்படலாகாது. பண்டாரவளை, அப்புத்தளை, ஹாலி-எல, பசறை முதலான பிரதேச செயலகப் பிரிவுகள் 1999ஆம் ஆண்டு வர்த்தமானி மூலம் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டவை. அங்குள்ள கிளினிக்கிலும் பிரசவ விடுதியிலும் தமிழில் விளக்கம் பெறுவது ஒரு தாயின் உரிமை. கர்ப்பகாலத்திலேயே, கணவனும் உடனிருக்க, தமிழில் பேசித் தீர்மானித்த பின்னரே சம்மதம் பெறப்பட வேண்டும்.

விளக்கம் இல்லாத இடத்தில் வதந்தி குடியேறும். 2018 பெப்ரவரியில் அம்பாறையில் முஸ்லிம் உணவகமொன்றில் மலட்டு மாத்திரை கலக்கப்பட்டதாகப் பரவிய பொய் வன்முறையாக வெடித்தது. அது வெறும் மாவுப்பொருளே என்பது பின்னர் இரசாயனப் பகுப்பாய்வில் தெரியவந்தது. நிரந்தர மலட்டுத்தன்மையை உண்டாக்கும் அத்தகைய மாத்திரை எதனையும் மருத்துவம் அறியாது. 2019இல் குருநாகல் வைத்தியசாலையில் கடமையாற்றிய முஸ்லிம் வைத்தியர் ஒருவர்மீது சுமத்தப்பட்ட கருத்தடைக் குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லை எனக் குற்றப் புலனாய்வுத் திணைக்களமே நீதிமன்றத்தில் தெரிவித்தது. சந்தேகம் வளர்ந்தால், தேவையான சிகிச்சைக்கும் தாய்மார் வர அஞ்சுவர்.

பதுளை நகரிலும் குருத்தலாவை, சில்மியாபுர போன்ற ஊர்களிலும் வாழும் முஸ்லிம் தாய்மாருக்கும் இது பொருந்தும். பிள்ளைக்கு இரண்டு ஆண்டுகள் பாலூட்டுவதைத் திருக்குர்ஆன் குறிப்பிடுகின்றது. ஒரு பிரசவத்தின் பின் அடுத்த கருத்தரிப்புக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு இடைவெளி வேண்டுமென உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைக்கின்றது. பிள்ளைகளுக்கிடையே இடைவெளி விடுவது வேறு. பிள்ளைப்பேற்றையே நிறுத்துவது வேறு. இந்த வேறுபாடு தெளிவாகச் சொல்லப்பட்டால் பல வீடுகளில் வீண் அச்சம் நீங்கும்.

தமிழ் பேசும் குடும்பநல உத்தியோகத்தர்களைத் தோட்டப் பகுதிகளிலிருந்தே தெரிவு செய்து பயிற்றுவிப்பதும், கிளினிக் நாளில் பேர் வெட்டப்படாமையைக் கம்பனிகள் உறுதிசெய்வதும், சம்மதப் படிவங்கள் தமிழில் வாசித்து விளக்கப்படுவதும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்களல்ல. தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுவார்த்தையின்போது இவற்றையும் முன்வைக்க வேண்டும். தாயைச் சாவிலிருந்து காப்பாற்ற நாம் கற்றுக்கொண்டோம். அவளிடம் கேட்டு, அவள் விடை சொல்லும்வரை பொறுத்திருக்கவும் இனிக் கற்றுக்கொள்ள வேண்டும்.