ஆரணிச் சேலைக்கு ஊர்ப் பேர்

ஆரணியின் நெசவுத் தெருக்களில் முன்பெல்லாம் விடியுமுன்னே வழியை மறித்துப் பாவு நீட்டுவார்கள். பதினெட்டு, இருபது கெஜம் நீளும் பட்டிழைகளை இரு முனையிலும் இழுத்துக் கட்டி, நடுநடுவே மூங்கில் சிம்புகளைக் கோத்து, கஞ்சித் தண்ணீர் தெளித்து, அறுந்த இழையைத் தேடி முடிச்சிட்டு, வெயில் ஏறுவதற்குள் சுருட்டியாக வேண்டும். வீட்டு ஆட்கள் மட்டும் போதாது. எதிர்வீடும் பக்கத்துவீடும் கைகொடுக்கும். நாளை அவர்கள் பாவுக்கு இவர்கள் போவார்கள். கூலி கிடையாது, காபி உண்டு. கன்றுக்குட்டி குறுக்கே ஓடினால் நல்ல வசவும் உண்டு.

இன்று அந்தத் தெருக்களில் பைக்குகள் நிற்கின்றன. மோட்டார் பூட்டிய பாவு இயந்திரம் கூடத்துக்குள்ளேயே அந்த வேலையை முடித்துவிடுகிறது. மழைக்குப் பயமில்லை, ஆள் சேரக் காத்திருக்க வேண்டாம். ஆனால் ஒரு பாவில் மூன்று சேலை என்ற கணக்கு மட்டும் அப்படியே இருக்க, அந்த மூன்று சேலைக்காகத் தெருவே கூடிய காலை நேரம் போய்விட்டது.

டிசைன் விஷயமும் அப்படித்தான். அந்தக் காலத்தில் அடை கட்டி நெய்தார்கள். முந்தானைப் பூவுக்கு எந்த இழை எழும்ப வேண்டும் என்பது கயிறுகளில் முடியப்பட்டிருக்கும். கயிற்றை இழுத்துக்கொடுக்க ஒரு சிறுவன் வேண்டும், அவன் பள்ளிக்கூடம் போகாத சிறுவன். பிறகு ஜக்கார்டு பெட்டியும் துளையிட்ட அட்டைகளும் வந்தன. கட்டம் போட்ட தாளில் பூவை வரைந்து, கட்டத்துக்குக் கட்டம் எண்ணி அட்டை அடிக்க நாள்கணக்கில் ஆகும். இப்போது கணினியில் வரைந்து மின்னணு ஜக்கார்டுக்கு அனுப்பிவிடலாம். சிறுவன் தப்பித்தான், மிதித்து மிதித்துத் தேய்ந்த முழங்காலும் ஓரளவு தப்பித்தது. இதை இழப்புப் பட்டியலில் சேர்ப்பவர்கள் தறிக்குழியில் உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது. கைபேசியில் எடுத்த ஒரு படம் போதும், அதே பூ விசைத்தறியில் ஓடத் தொடங்கிவிடும். 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டம் பட்டுச் சேலையைக் கைத்தறிக்கென ஒதுக்கியது. மீறினால் 6 மாதம் வரை சிறை, தறிக்கு 5,000 ரூபாய் வரை அபராதம் என்றது. முதலில் 22 ரகங்களைக் காத்த அந்தச் சட்டம் இன்று 11 ரகங்களைத்தான் காக்கிறது. அபராதத் தொகையோ, அன்று ஒரு முதலாளியை யோசிக்க வைத்திருக்கும். இன்று ஓரிரு சேலையின் விலை.

சரிகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாட்டியின் சேலைக் கரையில் ஓர் இழையை உருவி நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும். அதன்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பி, அதற்கும் மேலே தங்க முலாம். நைந்த சேலையைக்கூட எடைக்கு வாங்கிச் சரிகையை உருக்க ஆள் வருவது அதனால்தான். இன்றைய சேலைகளில் ஹாஃப் ஃபைன், இமிடேஷன் என்று பல தரம். கடையில் எல்லாம் ஒரே மாதிரி மின்னும். வெள்ளி விற்கும் விலையில், நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணும் பட்டுடுத்த வேண்டுமென்றால் இந்த மலிவுச் சரிகை தவிர்க்க முடியாதது. எதில் எது இருக்கிறது என்பதை வாய்விட்டுச் சொன்னால் போதும்.

அந்த நடுத்தரக் குடும்பம்தான் ஆரணியின் வாடிக்கையாளர். காஞ்சிபுரத்துச் சேலை கனமானது, விலையும் கனம். ஆரணிச் சேலை எடை குறைவு, விலையும் கைக்கு அடங்கும். இரண்டு ஊருக்கும் இடையே அறுபது கிலோமீட்டர் சொச்சம். அந்த வழியில் போன ஆரணிச் சேலைகள் பல, கடை அலமாரி ஏறும்போது காஞ்சிப் பட்டாகிவிட்டன. நெய்தவர் வாய் திறக்கவில்லை. சரக்கு நகர்ந்தால் சரி.

2008-இல் ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சேலைக்கு ஊர்ப் பேர் சட்டப்படி வந்தது. பதிவேட்டில் இரண்டு பகுதி உண்டு: ஒன்றில் பொருளும் அதன் உரிமை பெற்ற அமைப்பும், மற்றொன்றில் அந்தப் பெயரைப் பயன்படுத்த அனுமதி பெற்றவர்கள். தறியில் உட்கார்ந்திருப்பவர் தனியாக விண்ணப்பித்தால்தான் இரண்டாம் பகுதியில் ஏறுவார். அதற்கான கட்டணம் முன்பு 500 ரூபாய், 2020-இல் 10 ரூபாயாகக் குறைந்தது. பதிவகம் சென்னை கிண்டியில்தான் இருக்கிறது. தடையாக இருந்தது பணமும் தூரமும் மட்டுமென்றால் இந்நேரம் எல்லோரும் ஏறியிருப்பார்கள். முதலாளி கொடுத்த பாவை நெய்து கூலி வாங்குபவருக்கு, விற்பனைப் பெயரின் உரிமையால் கையில் வருவது என்ன?

நாடு முழுதும் கைத்தறித் தொழிலாளர்கள் 2009-10 கணக்கெடுப்பில் 43.31 லட்சம், 2019-20-இல் 35.22 லட்சம். கடைசிக் கணக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கு நெசவாளர் குடும்பங்களின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே. தமிழக அரசு கைத்தறிக்கு இலவச மின்சாரத்தை 2023-இல் 300 யூனிட்டாக உயர்த்தியது, நல்ல காரியம். ஆனால் செய்யாறு சிப்காட்டில் காலணித் தொழிற்சாலை இருக்கிறது. அங்கே மாதச் சம்பளமும் பி.எஃப்.பும் உண்டு. தறிவீட்டுப் பிள்ளை அங்கே போனால் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சேவூர், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், தேவிகாபுரம் பக்கம் இன்றும் தறிச் சத்தம் கேட்கிறது. அடுத்த முகூர்த்தத்துக்குப் பட்டெடுக்கப் போகும்போது, விலைச்சீட்டைத் திருப்பிப் பார்க்கும் முன், “இது எந்த ஊர்த் தறி?” என்று கேளுங்கள். ஆரணி என்று சொன்னால், பில்லிலும் அப்படியே எழுதித் தரச் சொல்லுங்கள்.