வக்காலத்தில் போடும் கையெழுத்து

காவிரிப் பாசனப் பகுதியில் ஒருவர் வக்கீலைத் தேடிப் போவது பெரும்பாலும் நிலத்துக்காகத்தான். அடுத்த வயல்காரர் வரப்பை அரையடி நகர்த்தியிருப்பார். தலைமடைக்காரர் பொது வாய்க்காலை அடைத்திருப்பார். அப்பா எழுதிய உயில் அண்ணனிடம் மட்டும் இருக்கும். மூன்று தலைமுறையாக உழுத கோயில் நிலத்துக்குக் குத்தகை பாக்கி என்று நோட்டீஸ் வந்திருக்கும். தஞ்சாவூர், கும்பகோணம், பட்டுக்கோட்டை நீதிமன்ற வளாகங்களில் மஞ்சள் பையில் பத்திரங்களோடு மரத்தடியில் காத்திருப்பவர்களிடம் கேட்டால் இவற்றில் ஒன்று கதையாக வரும்.

வக்கீல்கள் விளம்பரம் செய்யக்கூடாது. 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டத்தின்கீழ் இந்திய பார் கவுன்சில் வகுத்த 36ஆவது விதி அதைத் தடுக்கிறது. பெயர்ப்பலகைகூட அளவாக இருக்க வேண்டும். அதனால் கட்சிக்காரர் ஆளைத் தேர்ந்தெடுப்பது வாய்மொழியில்தான்: மாமன் வழக்கை நடத்தியவர், பத்திரம் எழுதுபவர் கைகாட்டியவர், தெரிந்த குமாஸ்தா வேலை பார்க்கும் ஆபீஸ். இப்படித் தேடுவதில் தவறில்லை. ஆனால் மாமனுக்கு நடந்தது பாகப்பிரிவினை வழக்கு, இவருக்கு இருப்பது குத்தகைத் தகராறு என்றால், அந்தச் சிபாரிசு பாதிக்குத்தான் உதவும். 1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி, நிலத்தை மீட்கவோ தடையுத்தரவு கேட்டோ சிவில் கோர்ட்டில் போட்ட வழக்கில், எதிராளி தான் சாகுபடிக் குத்தகைதாரர் என்று காட்டிவிட்டால், விசாரணையைத் தொடராமல் அதை வருவாய்த்துறை அதிகாரிக்கு மாற்ற வேண்டும். இது தெரியாமல் முன்சீப் கோர்ட்டில் தொடங்கிய வழக்கு, சில வருடம் கழித்து வேறு இடத்தில் முதலிலிருந்து தொடங்கும். ஆகவே வக்கீலிடம் முதலில் கேட்க வேண்டியது, இந்த மாதிரி வழக்கு நடத்தியிருக்கிறாரா என்பதும், எந்த மன்றத்தில் போடப்போகிறார் என்பதும்தான்.

முதல் சந்திப்பில் கட்சிக்காரர் கேட்பது வேறு. “கேஸ் நம்ம பக்கம் ஜெயிச்சிடுமா சார்?” பத்திரங்களைப் பார்க்காமல் இதற்கு ‘ஜெயிச்சிடும்’ என்று பதில் சொல்பவரை நம்பத் தேவையில்லை. நல்ல வக்கீல் எதிர்க்கேள்வி கேட்பார். தாய்ப்பத்திரம் எங்கே, பட்டா யார் பேரில், அடங்கலில் சாகுபடி யார் பேரில் இருக்கிறது, வில்லங்கச் சான்று எத்தனை வருடத்துக்கு எடுத்தது என்று நச்சரிப்பார். டெல்டாவில் இந்த நச்சரிப்புக்குக் காரணம் உண்டு. பழைய பத்திரங்களில் நிலம் வேலி, மா, குழிக் கணக்கில் இருக்கும். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. ஒரு வேலி ஏறக்குறைய 6.67 ஏக்கர். இன்றைய பட்டாவில் அதே நிலம் ஹெக்டேர், ஏர் கணக்கில், வேறு சர்வே எண்ணில் இருக்கும். இரண்டையும் இணைத்துக் காட்ட முடியாவிட்டால் எந்த நிலத்துக்கு வழக்கு என்பதே குழம்பிப் போகும். பட்டா மட்டும் சொத்துரிமைக்கு முடிவான சான்று ஆகாது என்பதையும் பலர் அந்த மேஜையில்தான் முதல் முறையாகக் கேள்விப்படுகிறார்கள்.

அதே மேஜையில் கட்சிக்காரர்கள் மறைப்பதும் உண்டு. பதிவு செய்யாமல் எழுதிக்கொடுத்த ஒரு கடுதாசி, ஊர்ப் பஞ்சாயத்தில் கையெழுத்திட்ட முச்சலிக்கா, தங்கைக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்ன வாக்கு. சொன்னால் வக்கீல் வழக்கை எடுக்கமாட்டாரோ, யாரிடமாவது சொல்லிவிடுவாரோ என்ற பயம். இந்தப் பயத்துக்கு இடமில்லை. கட்சிக்காரர் சொன்னதை அவர் சம்மதம் இல்லாமல் வக்கீல் வெளியிடக்கூடாது என்று 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்துள்ள பாரதிய சாட்சிய அதினியமும் அதையே சொல்கிறது. சட்டவிரோதக் காரியத்தை நிறைவேற்றக் கேட்ட ஆலோசனைக்கும், வழக்கை ஏற்றபின் நடந்த குற்றம் அல்லது மோசடிக்கும் மட்டுமே இந்தப் பாதுகாப்பு கிடையாது. தன் வக்கீலிடம் மறைத்த கடுதாசி பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் கையிலிருந்து வெளிவருவது, எந்த வழக்கிலும் தாங்க முடியாத அடி.

பேச்சு முடிந்ததும் ஒரு அச்சடித்த தாள் நீட்டப்படும். வக்காலத்து. அதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுபவர்கள் அபூர்வம். உறவு முழுவதும் அந்த ஒரு தாளில்தான் நிற்கிறது என்பதால் இது வருத்தத்துக்குரிய பழக்கம். அச்சுப் படிவங்களில் வழக்கை நடத்த, மனுக்கள் போட, பத்திரங்களைத் திரும்பப் பெற, பணம் வாங்க, சில படிவங்களில் சமரசம் செய்துகொள்ளவும் அதிகாரம் எழுதியிருக்கும். ஆனால் கட்சிக்காரரின் உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்புதலை அவருடைய தெளிவான அனுமதி இல்லாமல் வக்கீல் தரக்கூடாது என்று 2015இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வழக்கின் போக்கை வாதாடுபவர் முடிவு செய்யலாம். நிலத்தை விடுவதா என்பதை நிலக்காரர்தான் முடிவு செய்ய வேண்டும். கையெழுத்திடும் முன் தாளை வாய்விட்டு வாசிக்கச் சொல்வது யாருக்கும் அவமரியாதை ஆகாது.

பணத்தைப் பற்றிப் பேச இரு தரப்புக்கும் கூச்சம். ‘பாத்துக் குடுங்க’ என்பார் ஒருவர். ‘பாத்துச் செய்யுங்க சார்’ என்பார் மற்றவர். மனக்கசப்புகளில் பாதி இங்கே விதைக்கப்படுகிறது. வக்கீல் பீஸ், கோர்ட் பீஸ், கமிஷனர் பேட்டா, நகல் செலவு ஆகியவை தனித்தனியானவை. கொடுத்த பணம் முழுவதும் வக்கீலுக்குப் போனதாகக் கட்சிக்காரர் நினைத்துக்கொண்டிருக்கும்போது, ஒரு பகுதி அரசுக்குக் கோர்ட் பீஸாகப் போயிருக்கலாம். தமிழ்நாட்டில் வழக்கின் மதிப்பையொட்டிய கோர்ட் பீஸ் 2017இல் 7.5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பாகப்பிரிவினையில் சொத்து கூட்டு அனுபவத்தில் இருந்தால் கட்டணம் குறைவு, அனுபவத்திலிருந்து விலக்கப்பட்டவர் என்றால் கூடுதல். பெற்ற பணத்துக்குக் கணக்கு வைக்க வேண்டும் என்பது பார் கவுன்சில் விதி. கிடைக்கும் தொகையில் இத்தனை சதவீதம் என்று பேசுவதை அதே விதிகள் தடுக்கின்றன. விபத்து இழப்பீட்டிலிருந்து எழுந்த ஒரு வழக்கில் 2017இல் உச்ச நீதிமன்றமும் அப்படிப்பட்ட ஒப்பந்தம் பொதுக் கொள்கைக்கு விரோதம் என்றது. பீஸ் எவ்வளவு, எந்தக் கட்டத்தில் எவ்வளவு, அப்பீலுக்கு வேறா என்பதை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டால் இருவருக்கும் நிம்மதி.

வழக்கு நம்பர் ஆன பிறகு தொடங்குவது வாய்தாக் காலம். கட்சிக்காரரின் பொறுமை தேய்வது இங்கேதான். ஒரத்தநாட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து விடிகாலை பஸ் ஏறித் தஞ்சைக்கு வந்து, மதியம் வரை நின்று, ‘அடுத்த மாசம்’ என்ற ஒரு சொல்லோடு திரும்புவது. மேட்டூர் அணை ஜூன் 12இல் திறந்து குறுவை நடவு நடக்கும் வாரத்தில் வாய்தா விழுந்தால் நடவு ஆட்களையும் விட முடியாது, கோர்ட்டையும் விட முடியாது. ஒரு தரப்புக்கு மூன்று முறைக்குமேல் தள்ளிவைக்கக்கூடாது என்று சிவில் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. நடப்பு வேறு. கோர்ட் புறக்கணிப்பு நாட்களும் சேரும். வழக்கறிஞர்களுக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று 2002இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் அது நின்றுவிடவில்லை. அந்த நாளின் இழப்பு பஸ்ஸுக்குக் கொடுத்தவருடையது.

எல்லா வாய்தாவுக்கும் கட்சிக்காரர் நேரில் போக வேண்டியதில்லை. வக்கீல் ஆஜரானால் போதும். சாட்சி சொல்ல, கையெழுத்துப் போட, நீதிமன்றம் வரச் சொன்னபோது வந்தால் சரி. எந்த வாய்தாவுக்கு வர வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்லும் ஆபீஸைக் கட்சிக்காரர்கள் தோற்ற பிறகும் குறை சொல்வதில்லை. சொல்லாத ஆபீஸின் மேல் ஜெயித்தவருக்கும் கசப்பு இருக்கும். இப்போது ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்க சி.என்.ஆர். எண் உண்டு, ஈ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த தேதியும் கடைசியாக நடந்ததும் தெரியும். வீட்டில் படிக்கும் பிள்ளையிடம் அந்த எண்ணைக் கொடுத்து வைத்தால் பாதிப் பயணம் மிச்சம்.

தேதி தவறுவதன் விலை பெரிது. சம்மன் கிடைத்த 30 நாளில் எதிருரை தாக்கல் செய்ய வேண்டும், அதிகபட்சம் 90 நாள். ஆஜராகாமல் விட்டால் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு. அதை ரத்து செய்யக் கேட்க 30 நாள். வக்கீல் வராததால் தோற்ற கிராமத்துக்காரரின் வழக்கில் 1981இல் உச்ச நீதிமன்றம் கனிவு காட்டியது. வக்கீலை அமர்த்தி, பணம் கட்டி, தன்னால் ஆனதைச் செய்த ஒருவர் வக்கீலின் தவறுக்குத் தண்டிக்கப்படக்கூடாது என்றது. ஆனால் எல்லாப் பழியையும் வக்கீல் மேல் போட்டுவிட்டு உறங்கியவருக்கு அந்தச் சலுகை இல்லை என்று பின்வந்த தீர்ப்புகள் கூறியிருக்கின்றன.

இன்னொரு எதிர்பார்ப்பு, என்ன பேசினார்கள் என்று புரிய வேண்டும் என்பது. மாயூரத்தில் மாவட்ட முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை 19ஆம் நூற்றாண்டிலேயே இதை உணர்ந்திருந்தார். 1805 முதல் 1861 வரையிலான சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தந்தார். 1879இல் வெளியான அவருடைய ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ நாவலில், தமிழர்களின் வழக்கை ஆங்கிலத்தில் வாதாடுவதைக் கண்டித்தும் எழுதினார். கீழமை நீதிமன்றங்களில் தமிழைக் கொண்டுவரும் சட்டத் திருத்தம் 1976இல் வந்தது. ஆனாலும் பிராதும் எதிருரையும் ஆங்கிலத்தில் இருந்தால், கட்சிக்காரர் தன் கதையைத் தானே படிக்க முடியாது. தன் பேரில் தாக்கலாகும் எதையும் தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்பது அவர் உரிமை; குறிப்பாகப் பிரமாண வாக்குமூலம், ஏனென்றால் அதற்குக் குறுக்கு விசாரணையில் பதில் சொல்லப்போவது அவர்தான்.

பணம் கட்ட முடியாதவர்களுக்கு 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் இலவச வக்கீலைத் தருகிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்களுக்கு வருமான வரம்பே கிடையாது. அண்ணன் தம்பிமேல் பங்கு கேட்கும் தங்கை, வசதியான குடும்பத்தில் பிறந்தவளானாலும், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். 15100 என்ற எண்ணிலும் பேசலாம். லோக் அதாலத்தில் இரு தரப்பும் ஒத்துக்கொண்டு முடித்தால் கட்டிய கோர்ட் பீஸ் திரும்ப வரும். ஆனால் அந்தத் தீர்வுக்கு அப்பீல் இல்லை என்பதைக் கையெழுத்துக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

வக்கீலை மாற்றத் தோன்றினால் மாற்றலாம். வழக்கமாக முந்தைய வக்கீலின் ஆட்சேபனை இல்லை என்ற கையெழுத்தோடு புது வக்காலத்து போடப்படும். அவர் மறுத்தால் நீதிமன்றத்தின் அனுமதி கேட்கலாம். பீஸ் பாக்கி என்பதற்காகக் கேஸ் கட்டைப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று 2000இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாக்கியை வசூலிக்க அவருக்கு வேறு வழி உண்டு. உண்மையான முறைகேடு நடந்திருந்தால் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் புகார் செய்யலாம். கண்டிப்பு, தற்காலிக நீக்கம், பட்டியலிலிருந்தே நீக்கம் என்று தண்டனைகள் உண்டு. வழக்குத் தோற்றது மட்டும் முறைகேடு ஆகாது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் வழி இப்போது இல்லை. வக்கீலின் பணி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அடங்காது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

தீர்ப்பு வந்ததும் வேலை முடிந்ததாகப் பலர் எண்ணுகிறார்கள். தோற்றவர் அதே நாளில் சான்றிட்ட நகலுக்கு மனுப் போட வேண்டும். மாவட்ட நீதிமன்றத்துக்கு அப்பீல் என்றால் 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். தஞ்சை மாவட்டத்துக்காரர் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும். பக்கத்துத் திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைக்காரர்களுக்குச் சென்னை. ஒரே வாய்க்காலின் தண்ணீர் பாயும் இரண்டு ஊர்களுக்கு வேறு வேறு திசையில் ரயில். அங்கே இன்னொரு வக்கீலை அமர்த்தி முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். ஊர் வக்கீல் கட்டை ஒழுங்காக வைத்திருந்தாரா என்பது அப்போது தெரியும். ஜெயித்தவரும் நிலத்தைத் தானாகப் பெறுவதில்லை. எதிராளி விடாவிட்டால் நிறைவேற்று மனு போட்டு, அமீனா வந்து சுவாதீனம் கொடுக்க வேண்டும். அந்த மனுவுக்குக் கெடு 12 வருடம். எல்லாம் முடிந்து, அப்பீல் காலமும் தீர்ந்தபின், கோர்ட்டில் தாக்கல் செய்த மூலப்பத்திரங்களைத் திரும்பப் பெறத் தனியாக மனுப் போட வேண்டும். முதல் நாள் மஞ்சள் பையில் கொண்டுவந்த தாய்ப்பத்திரம் அதன் பிறகுதான் வீட்டுப் பீரோவுக்குத் திரும்புகிறது.