ஞாயித்துக்கிழமை காலை... ஒரே ஒரு ஆல்பம்!

ஞாயித்துக்கிழமை. காலை மணி எட்டு. ஹாஸ்டல் மெஸ்ஸில் பொங்கல் தீர்ந்துபோக இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு. கண்ணு முழிச்சாச்சு, ஆனா உடம்பு கட்டிலை விட்டு வர மாட்டேங்குது. கை மட்டும் தானா போனைத் தேடுது. ஒரு பாட்டு போடுறீங்க. இருபது செகண்ட். நெக்ஸ்ட்! இன்னொண்ணு. பத்து செகண்ட். நெக்ஸ்ட்! நடுவுல ஒரு விளம்பரம். அதுக்குள்ள வாட்ஸ்அப்ல, 'மச்சி, நாளைக்கு இன்டர்னல் தெரியும்ல?'னு ஒரு குண்டு. அவ்வளவுதான்... வாரம் முழுக்கக் காத்திருந்த காலை, பல் தேய்க்கிறதுக்கு முன்னாடியே காலி!

உங்க கதையும் இதுதானா? கை கொடுங்க பாஸ். உங்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

சரி, ஒரு கேள்வி. நம்ம ஊர்ல காலையில ஒலிக்கிற எம்.எஸ்.சுப்புலட்சுமியோட வேங்கடேச சுப்ரபாதம் 1963-ல் இசைத்தட்டா வந்தது. அன்னையிலிருந்து இன்னை வரைக்கும் எத்தனையோ வீடுகள்ல, டீக்கடைகள்ல, கோயில் ஸ்பீக்கர்கள்ல ஓடிக்கிட்டு இருக்கு. அதை நடுவுல நிறுத்தி 'நெக்ஸ்ட்' அமுக்கின ஆளை எங்கேயாவது பார்த்திருக்கீங்களா? பாட்டி அதைப் போட்டுட்டுக் கோலம் போடுவாங்க, பால் காய்ச்சுவாங்க, பூ கட்டுவாங்க. உட்கார்ந்து 'ரசிக்க' மாட்டாங்க. ஆனா அது நின்னுட்டா உடனே தெரியும். காலை நேர ஆல்பம்னா என்னன்னு நமக்குப் பாடம் எடுத்தது பாட்டிதான். தொடங்கினா முழுசா ஓடணும். நம்ம வேலையைக் கெடுக்கக் கூடாது. நின்னா ஏதோ குறையணும்.

அப்படி ஆல்பம் தேர்ந்தெடுக்கிறது எப்படி?

முதல் விஷயம், சனிக்கிழமை ராத்திரியே முடிவு பண்ணிடுங்க. காலையில தேட ஆரம்பிச்சா தேடுறதுலேயே காலை போயிடும். டவுன்லோடு பண்ணி வெச்சுட்டு, போனை ஏரோப்ளேன் மோடுல போட்டுட்டா விளம்பரமும் வராது, இன்டர்னல் நியூஸும் வராது. ஷஃபிளை மறக்காம ஆஃப் பண்ணுங்க. ரெண்டாவது, நாற்பது நிமிஷத்துலேர்ந்து ஒரு மணி நேரத்துக்குள்ள முடியுறதா இருக்கட்டும். மூணாவது, வார்த்தை இல்லாத இசை நல்லது. வார்த்தை வந்தா மனசு அதுக்குப் பின்னாடியே போயிடும். முக்கியமா, பழைய ஆளை ஞாபகப்படுத்துற பாட்டு எதுவும் அந்த லிஸ்ட்ல வேணாம். அது ரிலாக்ஸ் இல்ல, ரிவிஷன்! நாலாவது, சவுண்டைக் குறைச்சு வைங்க. ஃபேன் சத்தமும் காக்கா சத்தமும் கூடக் கேக்கணும்.

இனி ஏழு ஆல்பங்கள்.

மும்பையிலிருந்து சென்னைக்கு

சூரியனோட சேர்ந்து எந்திரிக்கிற அபூர்வப் பிறவியா நீங்க? அப்படின்னா 'கால் ஆஃப் தி வேலி'. 1967-ல் வந்தது. சந்தூர் ஷிவ்குமார் சர்மா, புல்லாங்குழல் ஹரிபிரசாத் சௌராசியா, கிட்டார் பிரிஜ்பூஷண் காப்ரா. காஷ்மீர்ல ஆடு மேய்க்கிற ஒருத்தரோட ஒரு நாள்தான் கதை. விடியற்காலை ராகமான ஆஹிர் பைரவ்ல தொடங்கி, பொழுது சாயச் சாய ராகமும் மாறி, கடைசியில பஹாடியில முடியும். அதனால இதை ஷஃபிள்ல போட்டா சூரியன் மேற்கே உதிச்சிடும், ஜாக்கிரதை!

வாசிச்சவங்க கதையையும் கேளுங்க. சௌராசியாவோட அப்பா ஒரு மல்யுத்த வீரர். பையனும் பயில்வானா வரணும்னு ஆசைப்பட்டவர். பையன் அப்பாவுக்குத் தெரியாம இசை கத்துக்கிட்டார். சந்தூரோ, காஷ்மீர் தாண்டி அதிகம் தெரியாத வாத்தியம். குச்சியால தட்டுற வாத்தியத்துல ராகத்தோட வளைவு நெளிவு எப்படி வரும்னு பெரியவங்க கேள்வி கேட்ட காலம். ஷிவ்குமார் சர்மா அந்த வாத்தியத்தையே மாத்தியமைச்சு வாசிச்சுக் காட்டினார். ரெண்டு பேருக்கும் அப்போ வயசு முப்பதை ஒட்டித்தான்.

அதே சௌராசியாவோட குழல், இருபது வருஷம் கழிச்சு சென்னைக்கு வந்தது. 1988-ல் இளையராஜா இசையமைச்ச 'நத்திங் பட் விண்ட்'. பேர்லேயே இருக்கு, வெறும் காத்துதான். ஜன்னலைத் திறந்து வெச்சுட்டுக் கேளுங்க.

காபி குடிச்சாச்சு, கொஞ்சம் தெம்பு வந்துடுச்சுன்னா அதுக்கு முந்தி 1986-ல் வந்த ராஜாவோட 'ஹவ் டு நேம் இட்?' போடலாம். தியாகராஜருக்கும் ஜெர்மனிக்காரர் பாக்குக்கும் சமர்ப்பணம் பண்ணின ஆல்பம். வி.எஸ்.நரசிம்மனோட வயலின் அதுல நடந்து போற மாதிரி ஆரம்பிச்சு, சில இடத்துல ஓடவே செய்யும். அதனால இது தாலாட்டு இல்ல, முன்னாடியே சொல்லிட்டேன். ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. அந்த வருஷங்கள்ல ராஜா டஜன் கணக்குல படம் பண்ணிக்கிட்டு இருந்தார். டைரக்டர், ஹீரோ, சிச்சுவேஷன், ரிலீஸ் தேதின்னு துரத்துற வேலை. அதுக்கு நடுவுல, யாரும் சிச்சுவேஷன் சொல்லாத இசைக்கு நேரம் ஒதுக்கினார். 'டைம் இல்ல பாஸ்'னு நாம சொல்றப்போ இதை ஞாபகம் வெச்சுக்கலாம்!

நியூயார்க்ல ஒரு பழைய சர்ச்

அடுத்த ரெண்டும் ஒரே கட்டடத்துல பிறந்தவை. நியூயார்க்ல 30-வது தெருவுல கொலம்பியா கம்பெனியோட ஸ்டுடியோ இருந்தது. அதுக்கு முன்னாடி அது ஒரு சர்ச். கூரை உசரம், அதனால சத்தத்துக்கு மூச்சு விட இடம் இருக்கும்.

1959 மார்ச் 2, ஏப்ரல் 22. இந்த ரெண்டே நாள்ல டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் அங்கே பதிவு பண்ணினதுதான் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'. முழுசா எழுதின நோட்ஸ் எதுவும் கிடையாது. ஒரு குறிப்பு மட்டும் கையில கொடுத்து, 'இந்த ஸ்வரங்களுக்குள்ள நீங்களே உலாத்துங்க'ங்கிற மாதிரி விட்டுட்டார். நம்ம ஊர் ராக ஆலாபனை கேட்ட காதுக்கு இது அந்நியமாவே இருக்காது. முதல் பாட்டுல பாஸ் கிட்டார் தாத்தாவான டபுள் பாஸ் ஒரு கேள்வி கேக்கும், மத்த வாத்தியங்கள் ரெண்டே ஸ்வரத்துல பதில் சொல்லும். ஜாஸ்னா பயந்து ஓடுறவங்க இதுலேர்ந்து ஆரம்பிக்கலாம். நாற்பத்தஞ்சு நிமிஷம்தான். மறுநாள் பரீட்சை இருக்கிற ஞாயிறுக்கு என் சிபாரிசு இதுதான். 'அவசரப்படாதே, ஆனா தூங்கிடாதே'ன்னு தோள்ல கை போடுற இசை.

அதே ஸ்டுடியோவுக்கு, மைல்ஸுக்கு முன்னாடியே 1955-ல் கனடாவுலேர்ந்து ஒரு பையன் வந்தான். கிளென் கூல்ட், வயசு 22. உங்கள்ல பலரோட வயசு! பாக் 1741-ல் வெளியிட்ட 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்'ஸை பியானோவுல வாசிச்சான். 38 நிமிஷத்துல பறந்து முடிச்சான். உலகமே திரும்பிப் பார்த்துச்சு. 26 வருஷம் கழிச்சு, 1981-ல், அதே ஆள் அதே ஸ்டுடியோவுக்கு வந்து, அதே இசையைத் திரும்ப வாசிச்சார். இந்த முறை 51 நிமிஷம்! சில பகுதிகளை ரெண்டு தடவை வாசிச்சதும் ஒரு காரணம். ஆனா தொடக்கத்துல வர்ற மெட்டை மட்டும் கேட்டாலே வித்தியாசம் புரிஞ்சிடும். 22 வயசுல ரெண்டு நிமிஷத்துக்குள்ள முடிச்சதை, 48 வயசுல மூணு நிமிஷம் எடுத்து, ஒவ்வொரு ஸ்வரத்தையும் கீழே வெச்சுப் பார்த்து வாசிக்கிறார். கூடவே அவர் முணுமுணுக்கிறதும் கேக்கும். 1982 அக்டோபர்ல அவர் இறந்துபோனார்.

ஞாயித்துக்கிழமைக்கு 1981 பதிவை எடுத்துக்கோங்க. 1955 பதிவு, திங்கக்கிழமை பஸ்ஸுக்கு ஓடும்போது சரியா இருக்கும்.

கொலோன்ல ஒரு ராத்திரி, ஒரு காலை

இப்போ ஜெர்மனியில இருக்கிற கொலோன் நகரம். 1975 ஜனவரி 24. ஓப்ரா ஹவுஸ்ல ராத்திரி பதினொண்ணரைக்குக் கச்சேரி. ஏற்பாடு பண்ணினது இருபது வயசுகூட ஆகாத வேரா பிராண்டஸ்ங்கிற பொண்ணு. நம்ம காலேஜ் கல்ச்சுரல்ஸ் செக்ரட்டரி மாதிரின்னு வெச்சுக்கோங்களேன். பியானோ கலைஞர் கீத் ஜாரெட் வந்து பார்க்கிறார். அவர் கேட்ட பெரிய பியானோ மேடையில இல்ல. ரிகர்சலுக்கு வெச்சிருந்த சின்ன பியானோ நிக்குது. மேல் ஸ்வரங்கள் தகரம் மாதிரி ஒலிக்குது, கீழ் ஸ்வரங்கள்ல கனம் இல்ல, பெடலும் சரியில்ல. அவருக்கோ முதுகுவலி, சரியான தூக்கமும் இல்ல. 'வாசிக்க மாட்டேன்'னு கிளம்பிட்டார். அந்தப் பொண்ணு கெஞ்சினதுல மனசு மாறி, சரின்னார்.

மேலயும் கீழயும் போக முடியாததால, நடுவுல இருந்த ஸ்வரங்களை வெச்சே சுத்திச் சுத்தி வாசிச்சார். எல்லாமே அந்த நிமிஷத்துல தோணினது. முதல் பகுதி மட்டும் 26 நிமிஷம். அதுதான் 'தி கொலோன் கான்செர்ட்'. தனி பியானோ ஆல்பங்கள்ல உலகத்துலேயே அதிகமா வித்தவற்றில் ஒண்ணு. அரியர் வந்த வாரம், டீம்ல எடுக்காத வாரம், பேசாம போயிட்டாங்களேன்னு தவிக்கிற வாரம்... அந்த ஞாயிறுக்கு இதை வெச்சுக்கோங்க. ஓட்டை பியானோவுல பிறந்ததுன்னு தெரிஞ்சு கேக்கும்போது ருசியே வேற.

அதே 1975-ல், லண்டன்ல பிரையன் ஈனோங்கிற இசைக்கலைஞர் டாக்ஸி மோதிப் படுத்த படுக்கையா இருந்தார். பார்க்க வந்த தோழி ஹார்ப் இசைத்தட்டு ஒண்ணைப் போட்டுட்டுப் போயிட்டாங்க. சவுண்டு ரொம்பக் கம்மி. எந்திரிச்சுப் போய் ஏத்த முடியாது. வெளியே மழை. மழைச் சத்தமும் இசையும் கலந்து, எது எதுன்னு பிரிக்க முடியாம அவர் காதுல விழுந்தது. இசையை அறையில இருக்கிற வெளிச்சம் மாதிரி வெச்சுக்கலாமேன்னு அவருக்கு அப்போதான் தோணிச்சு. அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை காலை, கொலோன் விமான நிலையத்துல காத்திருக்கிறார். வெளிச்சம் அழகு, கட்டடம் அழகு, ஸ்பீக்கர்ல வர்ற பாட்டு மட்டும் சகிக்கலை! அந்தக் கடுப்புலேர்ந்து 1978-ல் வந்ததுதான் 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்'. கவனிச்சாலும் சரி, கவனிக்காம விட்டாலும் சரி, கோவிச்சுக்காத இசை. மழை பெய்யிற ஞாயிறுக்கும், தலைவலி ஞாயிறுக்கும் இதைவிட்டா வேற மருந்து இல்ல.

ஒண்ணு கவனிச்சீங்களா?

அமைதியான இசைன்னு தேடித்தான் இத்தனை ஆல்பம் பார்த்தோம். ஆனா இதுல பலதும் நிம்மதியான சூழ்நிலையில பிறக்கலை. ஒருத்தருக்கு முதுகுவலி, ஒருத்தருக்கு ஆக்ஸிடென்ட், ஒருத்தருக்குத் தலைக்கு மேல வேலை, ஒருத்தருக்கு அப்பா பயம். எல்லாம் சரியானதுக்கு அப்புறம் உட்காரலாம்னு இவங்க காத்திருந்தா, நமக்கு ஒரு ஆல்பமும் கிடைச்சிருக்காது.

நாமதான் காத்திருக்கோம். அரியர் முடியட்டும், பிளேஸ்மென்ட் ஆகட்டும், அப்புறம் நிம்மதியா இருக்கலாம்னு. ஞாயித்துக்கிழமை காலையில சும்மா படுத்திருந்தாலே 'டைம் வேஸ்ட் பண்றோமோ'ன்னு குத்துது. அந்தக் குத்தலை மறக்கத்தான் போனை எடுக்கிறோம். எடுத்து ரெண்டு மணி நேரம் தள்ளித் தள்ளிப் பார்த்துட்டு, இன்னும் அதிகமாக் குத்து வாங்குறோம். அதுக்கு ஒரு ஆல்பம் முழுசாக் கேக்கலாம். நாற்பத்தஞ்சு நிமிஷம்தான், எந்த அரியரும் அதுல கூடிடாது. முதல் வாரம் பத்து நிமிஷத்துலேயே கை துறுதுறுன்னும். விடுங்க. மூணாவது வாரம் கை அடங்கிடும்.

கடைசியா ஒண்ணு. வீட்ல இருக்கிறவங்களுக்கு இது. நாம கட்டில்ல படுத்துக்கிட்டு 'ஸ்லோ மார்னிங்' கொண்டாடுற அதே நேரத்துல, அடுக்களையில ஒருத்தங்க வேகவேகமாச் சட்னி அரைச்சுக்கிட்டு இருப்பாங்க. அவங்களுக்கு ஞாயிறும் கிடையாது, சனியும் கிடையாது. அதனால ஹெட்போனைக் கழட்டுங்க. ஸ்பீக்கரைத் தூக்கிட்டுப் போய் அடுக்களை ஜன்னல்ல வைங்க. 'நத்திங் பட் விண்ட்'டைப் போட்டுட்டு, வெங்காயத்தையும் கத்தியையும் கையில எடுங்க.

"என்னடா இது, பாட்டு எப்போ வரும்?"னு அம்மா கேப்பாங்க.

"வராதும்மா, இவ்வளவுதான்"னு சொல்லிட்டு, அவங்களை ஸ்டூல்ல உட்கார வெச்சு, தோசைக் கரண்டியை வாங்கிக்கோங்க. ஆல்பம் முடியுற வரைக்கும் திருப்பிக் கொடுக்காதீங்க!