பிள்ளைக்கு என்ன சர்நேம்?

மும்பையிலிருந்து கடல் தாண்டி – 7

சென்ற வாரம் அப்பாக்களின் பாஸ்போர்ட்டைப் பார்த்தோம். பத்தாம் வகுப்பு தேறாதவர் வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதானால் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். அந்த அலுவலகம் தாராவியை ஒட்டிய பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில், விதேஷ் பவனில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. 18 வயது வரை விலக்கு. ஆனாலும் மும்பை சயானில் எனக்குத் தெரிந்த வீடுகளில், அப்பா துபாய் போய்ச் சேர்ந்து சம்பளம் வாங்க ஆரம்பித்த பிறகும் ஒன்றரை வயதுப் பிள்ளையின் காகிதம் முடிந்திருக்காது.

எல்லா வரிசையும் பிறப்புச் சான்றிதழில் போய் முட்டுவதுதான் காரணம். 1.10.2023 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட் எடுக்க, பிறந்த தேதிக்கு அந்தச் சான்றிதழ் ஒன்றுதான் ஆதாரம் என்று 2025இல் விதி வந்துவிட்டது. இன்றைக்கு நடை பழகும் பிள்ளைகள் எல்லாரும் இந்தக் கணக்கில் வருவார்கள்.

அதை எங்கே வாங்குவது என்பதிலேயே முதல் அலைச்சல் ஆரம்பம். தாராவிப் பெண்கள் பலருக்கும் பிரசவம் சயான் ஆஸ்பத்திரியில்தான். தாராவி மாநகராட்சியின் ஜி வடக்கு வார்டில் வருகிறது. ஆஸ்பத்திரியோ எஃப் வடக்கு. பிறப்பு நடந்த இடத்தில்தான் பதிவு என்பது சட்டம். ஆகவே தாதரில் உள்ள தங்கள் வார்டு ஆபீசுக்குப் போனவர்களை மாட்டுங்காவுக்குப் போகச் சொல்வார்கள்.

தலைப்பிரசவத்துக்குத் திருநெல்வேலிக்குப் போனவர்கள் கதை இன்னும் நீளம். அந்தச் சான்றிதழ் தமிழ்நாட்டுடையது. வெளிநாட்டுக்காக மாநில அரசின் முத்திரை வாங்க மகாராஷ்டிர அரசின் மந்திராலயா வாசலில் நின்று பயனில்லை. சென்னைக்குத்தான் அனுப்ப வேண்டும்.

கையில் சான்றிதழ் வந்ததும் பெயர்ப் பிரச்சினை. சயான் கோலிவாடாவில் ஒரு வீட்டில் இதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பிள்ளைக்குப் பெயர் வைத்தாகிவிட்டது, தொட்டிலும் கட்டியாகிவிட்டது. விண்ணப்பத்தில் 'சர்நேம்' கட்டம் மட்டும் காலி. ஊரில் இனிஷியலோடு வாழ்ந்த குடும்பம். இனிஷியலை அப்படியே எழுதினால் பாஸ்போர்ட்டில் எடுத்துக்கொள்ளமாட்டார்கள், விரித்து எழுத வேண்டும்.

"உங்க தாத்தா பேரப் போடுல" என்றார் பாட்டி.

"தாத்தாவுக்கு ஆதார்ல ஒரு ஸ்பெல்லிங், ரேஷன் கார்டுல ஒரு ஸ்பெல்லிங் ஆச்சி. எதைப் போட?"

"அவுக பேர என் வாயால சொல்லமாட்டேன். படிச்சவன், நீயே பாத்து எழுது."

ஊர்ப் பெயரைப் போடலாமா என்று ஒரு பேச்சு. சாதிப் பெயர் வேண்டவே வேண்டாம் என்று மருமகள். கடைசியில் அப்பாவின் பெயரே சர்நேம் ஆயிற்று. மும்பைத் தமிழர்கள் பலர் செய்வது இதைத்தான். அப்பாவுக்கு ஒரு சர்நேம், பிள்ளைக்கு வேறொன்று என்று ஆகும், சட்டப்படி தவறில்லை. உறவைக் காட்ட பெற்றோர் பெயர் சான்றிதழில் சரியாக இருந்தால் போதும்.

கட்டத்தைக் காலியாக விட்டால்தான் வம்பு. 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை விசிட் விசாவில் அனுமதிக்கமாட்டோம் என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. தந்தை பெயர் பாஸ்போர்ட்டில் இருந்தால் ஏற்போம் என்று பிறகு விளக்கம் வந்தது. அதற்குள் ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு வயிற்றில் புளி கரைந்துவிட்டது. முதலில் விசிட் விசாவில் குடும்பத்தை வரவழைத்து, அங்கே போய்க் குடும்ப விசாவுக்கு மாற்றுபவர்களும் உண்டு என்பதால் இது சின்ன விஷயமல்ல.

மகாராஷ்டிரம் தன் பங்குக்கு இன்னொன்றைச் சேர்த்திருக்கிறது. 1.5.2024 முதல் பிறந்த பிள்ளைகளுக்கு அரசு ஆவணங்களில் பிள்ளை பெயர், அம்மா பெயர், அப்பா பெயர், சர்நேம் என்ற வரிசை. அம்மாவின் பெயர் வருவது நல்லதுதான். ஆனால் அதை அப்படியே பாஸ்போர்ட்டுக்குக் கொண்டுபோனால் 'கிவன் நேம்' கட்டத்தில் மூன்று பேர் நெருக்கியடித்து நிற்பார்கள். எந்த வரிசையாக இருந்தாலும் எல்லாத் தாளிலும் ஒன்றுபோல் இருக்கட்டும்.

அடுத்து முத்திரைகள். சவூதி, ஓமான், பஹ்ரைன், சிங்கப்பூர் என்றால் மாநில அரசின் முத்திரைக்குப் பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் ஒட்டினால் முடிந்தது. அமீரகம், கத்தார், குவைத் என்றால் மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அந்த நாட்டுத் தூதரகம் என்று படிப்படியாக ஏற வேண்டும். ஒரு எழுத்து பிசகினாலும் மீண்டும் முதல் படியிலிருந்துதான். அமீரகத்தில் குடும்பத்தை அழைக்க மாதம் 4000 திர்ஹாம் சம்பளம், அல்லது 3000 திர்ஹாமும் தங்குமிடமும் போதும் என்று 2019இல் தளர்த்தினார்கள். அதனால் சயானின் சாதாரணச் சம்பளக்காரர்களும் இன்று இந்தப் படிகளில் ஏறுகிறார்கள்.

நடுவே போட்டோ ஒரு தனிக் கூத்து. நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு வெள்ளைப் பின்னணிப் படத்தை நாமே கொண்டுபோக வேண்டும். சயான் ஸ்டேஷன் பக்கத்து ஸ்டூடியோவில் அம்மாவை ஸ்டூலில் உட்காரவைத்து, தலையோடு வெள்ளைத் துணி போர்த்தி, மடியில் பிள்ளையை நிறுத்துகிறார்கள். துணிக்குள் இருப்பது அம்மா என்று தெரிந்ததும் பிள்ளை திரும்பித் துணியை இழுக்கும். சாவிக்கொத்தை ஆட்டி, பூனைபோல் கத்தி, இரண்டு கண்ணும் கேமராவைப் பார்க்கும் அந்த ஒரு நொடியைப் பிடிக்க வேண்டும்.

ஊசி அட்டையையும் மறக்க வேண்டாம். அரசு ஆஸ்பத்திரியில் போடுவது தட்டம்மை, ரூபெல்லாவுக்கான எம்.ஆர்.; பொன்னுக்கு வீங்கியும் சின்னம்மையும் அந்தப் பட்டியலில் இல்லை. அமீரகத்துப் பட்டியலில் இரண்டும் உண்டு. கிளம்பும் முன்பே குழந்தை டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். இரண்டு வயது நிறைந்துவிட்டால் விமானத்தில் தனி சீட், தனி டிக்கெட். திரும்பும் தேதி பிறந்தநாளுக்குப் பின்னால் விழுகிறதா என்று பார்த்து பதிவு செய்வது நல்லது.

என் யோசனை இதுதான். வெளிநாட்டு வாய்ப்பு வந்த பிறகு பெயரைப் பற்றி யோசிக்காதீர்கள். பிறப்புப் பதிவில் பெயர் சேர்க்க முதல் ஒரு வருடம் கட்டணமில்லை. அந்த வருடத்துக்குள் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து, பின்பாதிப் பெயரையும் அதன் ஆங்கில எழுத்துக்களையும் ஒரு தாளில் எழுதி முடிவு செய்துவிடுங்கள். ஆச்சி வாயால் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஸ்பெல்லிங் தாத்தாவின் ரேஷன் கார்டிலிருந்து வருகிறதா, ஆதாரிலிருந்து வருகிறதா என்பது அன்றே முடிவாகட்டும்.

(அடுத்த வாரம்: அம்மாவும் அங்கே வேலைக்குப் போனால் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது?)