ஓரி: கொல்லிமலையின் அரிய பெயர்

சங்க காலத்தில் கொல்லிமலையை ஆண்ட குறுநில மன்னனின் பெயர் ஓரி. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான இவனை ‘வல்வில் ஓரி’ என்று அடைமொழி சேர்த்தே சொல்வது வழக்கம். அவன் ஆண்ட மலை இன்று நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. மலையிலிருந்து ஐயாறு இறங்கிவரும் அடிவாரத்துப் புளியஞ்சோலையோ திருச்சி மாவட்டம் துறையூர்ப் பக்கம் சேர்ந்தது. மேலும் கீழும் எல்லோருக்கும் ஓரியைத் தெரியும். ஆனாலும் பிள்ளைக்கு இந்தப் பெயரை வைத்தவர்கள் மிகச் சிலரே.

‘ஓரி’ என்ற சொல்லுக்கு அகராதிகள் பல பொருள் தருகின்றன. ஆண்களின் தலைமயிர், குதிரையின் பிடரிமயிர், முசு என்ற குரங்கின் ஆண், நரி ஆகியவை அவற்றுள் சில. தேன் முதிரும்போது அடையில் பரவும் நீல நிறத்துக்கும் ஓரி என்றே பெயர். பறம்பு மலையின் வளத்தைப் பாடும் கபிலரின் புறநானூற்று 109ஆம் பாட்டில் இந்தச் சொல் வருகிறது. அங்கே அதைத் தேனின் நிறம் என்று கொள்வதும் உண்டு, முசு என்று கொள்வதும் உண்டு. மன்னனின் பெயர் இவற்றில் எதிலிருந்து வந்தது என்பதற்குச் சங்கப் பாட்டில் விளக்கம் இல்லை. அவனுடைய குதிரைக்கும் ஓரி என்றுதான் பெயர். அவன் பகைவன் மலையமான் திருமுடிக்காரியின் குதிரை காரி. ஏறியவனுக்கும் குதிரைக்கும் ஒரே பெயராய் அமைந்த இந்தப் பொருத்தத்தைச் சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனார் எடுத்துச் சொல்கிறார்.

‘வல்வில்’ என்ற அடைமொழிக்குக் காரணம் வன்பரணர் பாடிய 152ஆம் புறப்பாட்டில் கிடைக்கிறது. வேடன் ஒருவன் எய்த அம்பு யானையை வீழ்த்தி, புலியையும் மானையும் பன்றியையும் துளைத்துச் சென்று, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் தைக்கிறது. பார்த்துக்கொண்டிருந்த பாணர் கூட்டத்துக்கு, இவன் வெறும் வேடனா, ஓரியேதானா என்று சந்தேகம் வருகிறது. முழவும் யாழும் இசைத்துப் பாடி, முறைப்படி ‘கோ’ (அரசன்) என்று அழைக்கிறார்கள். அது தன்னைக் குறிக்கும் சொல் என்பதால் அவன் நாணுகிறான். யார் என்பது அந்த நாணத்திலேயே தெரிந்துபோகிறது. பிறகு மான் இறைச்சியும் மதுவும் கொடுத்து, தன் மலையில் விளைந்த பொன்னையும் மணியையும் அள்ளித் தருகிறான்.

அடுத்த பாட்டில் வன்பரணர் அவனை ‘ஆதன் ஓரி’ என்கிறார். தந்தை பெயரை முன்னே வைத்து மகன் பெயரைச் சொல்வது அக்கால வழக்கம். கழைதின் யானையாரும் ஓரியைப் பாடியிருக்கிறார். கேட்பது இழிவு, கேட்டவருக்கு இல்லை என்பது அதைவிட இழிவு என்ற கருத்து அமைந்த 204ஆம் புறப்பாட்டு அவனை நோக்கிப் பாடியதுதான். காரி அவனைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்த செய்தியைக் கல்லாடனாரின் அகநானூற்று 209ஆம் பாட்டு சொல்கிறது.

இந்தப் பெயர்கள் பொதுமக்களிடம் திரும்பிவந்தது அச்சு நூல்களால். உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். 1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம், பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பெயர் வைக்கும் ஆர்வத்தை வளர்த்தது. வள்ளல்களின் பெயர்களில் அதிகம் எடுபட்டது பாரி. பாரிவேந்தன், பாரிவள்ளல் என்றெல்லாம் அது நீண்டது. அதியமானும் ஓரளவு பரவியது. ஓரி அப்படிப் பரவவில்லை.

அதற்குக் காரணங்களை ஊகிக்க முடியும். அகராதியைப் புரட்டும் பெற்றோர் கண்ணில் நரியும் குரங்கும் முதலில் படும். தெலுங்கில் ‘ஓரி’ என்பது ‘அடேய்’ போன்ற விளி; தெலுங்கு பேசும் குடும்பங்கள் பல உள்ள மாவட்டங்களில் இது கேலிக்கு இடம் தரும். இந்த வட்டாரத்தில் குலதெய்வத்தின் பெயரைப் பிள்ளைக்கு வைக்கும் பழக்கமும் வலுவாக இருக்கிறது. கொல்லிமலை மாசி பெரியண்ணசாமியைக் கும்பிடும் குடும்பங்களில் பெரியண்ணன், பெரியசாமி என்ற பெயர்களைச் சாதாரணமாகக் கேட்கலாம்.

தமிழுக்கு வெளியே இதே ஒலியுள்ள பெயர் இஸ்ரேலில் பரவலாக வழங்குகிறது. எபிரேய மொழியில் ‘ஓரி’ என்றால் ‘என் ஒளி’. ஆண் குழந்தைகளுக்கு விரும்பி வைக்கும் பெயர். கொல்லிமலை ஓரிக்கும் அதற்கும் தொடர்பு எதுவும் இல்லை.

கொல்லிமலையில் இந்தப் பெயர் இன்று அதிகம் ஒலிப்பது ஆடி மாதத்தில். செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. ஆடிப்பெருக்கை ஒட்டி அரசு அங்கே வல்வில் ஓரி விழா நடத்துகிறது. வில்வித்தைப் போட்டியும் அதில் உண்டு. ஓரி என்று தனியே பெயர் வைக்கத் தயங்குகிறவர்களுக்கு ‘வல்வில்’ என்ற அடைமொழி கைகொடுக்கிறது. அதைச் சேர்த்துச் சொன்னால் நரியோ முசுவோ யாருக்கும் நினைவில் வராது.